செயற்கை தசை: லேப் டேபிள்ல திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் கோவைல ஒரு காலேஜ் மெக்கட்ரானிக்ஸ் லேப்ல இருக்கேன். ஓப்பன் டே வந்தா எங்க டேபிள்ல காத்து அடிச்சா சுருங்குற ரப்பர் தசை ஒண்ணு தொங்கும். ஸ்கூல் பசங்க, அவங்க அப்பா அம்மா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடி வர்றவங்கன்னு எல்லாரும் ஒரே கேள்விகளத்தான் மாத்தி மாத்தி கேப்பாங்க, சாயங்காலம் ஆனா தொண்ட வறண்டு போனதுதான் மிச்சம். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு பதில் எழுதி வச்சிட்டேன். மேல இருந்து படிச்சிட்டு வாங்க, பின்னாடி வர்ற பதிலெல்லாம் முன்னாடி சொன்னத வச்சுதான் ஓடுது.

செயற்கை தசைன்னா என்ன சார், லேப்ல வளக்குற கறி மாதிரியா?

இல்லீங்க. கரண்ட், சூடு, காத்து, தண்ணி இப்படி ஏதோ ஒண்ணு குடுத்தா தானே சுருங்கி இழுக்குற எந்தப் பொருளயும் செயற்கை தசைன்னு சொல்றாங்க. ரப்பர் ட்யூபா இருக்கலாம், உலோகக் கம்பியா இருக்கலாம், எண்ண ஊத்துன பிளாஸ்டிக் பையா கூட இருக்கலாம். சுத்துறது கிடையாது, பல்சக்கரம் கிடையாது, பொருளே வடிவம் மாறும், அவ்ளோதான் விஷயம். நிஜமாவே உயிருள்ள செல்ல வச்சு பண்றவங்களும் இருக்காங்க, அது கீழ தனியா வருது.

மோட்டார்தான் அருமையா ஓடுதே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. மோட்டார் வேகமா சுத்தும்போதுதான் சந்தோஷமா இருக்கும், ஆனா முழங்கைக்கு வேண்டியது மெதுவான, பலமான அசைவு. அதனால நடுவுல கியர்பாக்ஸ் போடணும், போட்டா எடை ஏறும், மூட்டு விறைப்பாயிடும், குறுக்க ஒரு குழந்த வந்து இடிச்சா கை வளைஞ்சு குடுக்காது. தசை மாதிரி பொருள் இயல்புலயே மெத்துன்னு இருக்கும், எடையும் கம்மி, நேரா இழுக்கும்.

ஆனா மோட்டார் தோத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. பாஸ்டன் டைனமிக்ஸ்ங்கற ரோபோ கம்பெனி 2024 ஏப்ரல்ல, ஹைட்ராலிக்ல (எண்ண அழுத்தத்துல) ஓடி குட்டிக்கரணம் அடிச்ச பழைய அட்லஸ் மனுஷ ரோபோவுக்கு ஓய்வு குடுத்துட்டு, முழுக்க எலெக்ட்ரிக் அட்லஸத்தான் கொண்டு வந்தாங்க. நடக்குற ரோபோவுல இன்னைக்கும் மோட்டார் ராஜ்ஜியம்தான்.

காத்து அடிச்சா பலூன் பெருசாகும், இது எப்படி சுருங்குது?

இதத்தான் ஒரு நாளைக்கு 50 தடவ கேக்குறாங்க. கட முன்னாடி இருக்குற கொலாப்சிபிள் கேட்ட நினைச்சுக்கோங்க. மூடியிருக்கும்போது பட்டையெல்லாம் அகலமா விரிஞ்சு ஒவ்வொரு டைமண்டும் குட்டையா இருக்கும், தொறந்து ஓரமா தள்ளினா அதே டைமண்ட் ஒல்லியா ஒசரமாகும். பட்டையோட நீளம் மாறல, கோணம் மட்டும்தான் மாறுது.

காத்து தசைலயும் அதே கததான். உள்ள ரப்பர் ட்யூப், வெளிய குறுக்கும் நெடுக்குமா பின்னின நூல் வலை, ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டியிருக்கும். காத்து உள்ள போனதும் ட்யூப் பக்கவாட்டுல உப்பும், வலையோட நூல் நீளாது, அதனால டைமண்ட் அகலமாகி மொத்த தசையும் குட்டையாகும். நூல் தசையோட அச்சுக்கு சுமார் 54.7 டிகிரி கோணத்துக்கு வந்ததும் நின்னுடும், அதுக்கு மேல எவ்ளோ காத்து அடிச்சாலும் சுருங்காது. பொதுவா மொத்த நீளத்துல கால் பங்கு சுருங்கும். இழுப்பு ஆரம்பத்துலதான் பலமா இருக்கும், சுருங்கச் சுருங்க கொறஞ்சு கடைசில பூஜ்யம், இத மறந்துட்டு டிசைன் பண்றவங்க ரொம்பப் பேரு.

இத முதல்ல யாரு செஞ்சாங்க?

பிரபலமாக்குனவர் ஜோசப் மெக்கிபென், அமெரிக்காவுல லாஸ் அலாமோஸ்ல வேல பாத்த இயற்பியல்காரர். 1945ல முதல் அணுகுண்டு சோதனைல டைமிங் சர்க்யூட்டப் பாத்துக்கிட்டவர் இவர்தான். அவரோட பொண்ணுக்கு போலியோ வந்து கை செயலிழந்து போச்சு, அந்த விரல அசைக்கத்தான் 1950கள்ல கார்பன் டை ஆக்சைடு கேஸ்ல ஓடுற இந்த தசைய கட்டுனார். அதனாலதான் இன்னைக்கும் இதுக்கு மெக்கிபென் தசைன்னு பேர். 1980கள்ல டயர் கம்பெனி பிரிட்ஜ்ஸ்டோன் ரப்பர்டுவேட்டர்னு இதையே ரோபோ கைக்கு வித்தாங்க, அப்புறம் ஜெர்மனியோட ஃபெஸ்டோ தொழிற்சாலைக்கு ஏத்த மாதிரி பண்ணாங்க.

வீட்ல செஞ்சு பாக்கலாமா?

தாராளமா. வயர் மேல போடுற பின்னல் கேபிள் ஸ்லீவ் ஒரு அடி, அதுக்குள்ள நுழையுற லேட்டக்ஸ் ட்யூப், ஒரு பக்கம் அடைக்க மரக்கட்ட இல்ல போல்ட், இன்னொரு பக்கம் காத்து போக நிப்பிள், இறுக்க ஹோஸ் கிளிப் ரெண்டு, கேஜ் வச்ச சைக்கிள் பம்ப். ஸ்லீவ் முனைய வெட்டுனதும் லைட்டர்ல லேசா உருக்கிடுங்க, இல்லன்னா மல்லிப்பூ சரம் முடிச்சு அவுந்த மாதிரி கையோட பிரிஞ்சு வந்துடும்.

நான் முதல் தடவ ஹோஸ் கிளிப் போடாம வெறும் கேபிள் டை போட்டேன், அழுத்தம் ரெண்டு பார் (காத்து அழுத்தத்த அளக்குற அலகு) தாண்டுனதும் நிப்பிள் பிச்சுக்கிட்டு போய் சுவத்துல அடிச்சுது, நல்லவேளை எதிர்ல யாரும் இல்ல. கண்ணாடி போடாம பம்ப் அடிக்காதீங்க. ரெண்டாவது தடவ 28 செமீ இருந்தது 22 செமீக்கு வந்துச்சு, கீழ கட்டியிருந்த தண்ணி கேன் தரைய விட்டு மேல எழும்புச்சு, லேப்ல இருந்த நாலு பேரும் கை தட்டுனோம், அசிங்கமா இல்ல.

தசை இழுக்க மட்டும்தானே செய்யும், அப்ப மடக்குன கைய யாரு நீட்டுறது?

உங்க கையிலயும் அதே பிரச்சனைதான். மடக்க முன்பக்கம் பைசெப்ஸ், நீட்ட பின்பக்கம் ட்ரைசெப்ஸ். ரோபோவுலயும் ஒரு மூட்டுக்கு ரெண்டு தசை எதிர் எதிரா போடணும், இல்லன்னா ஒரு பக்கம் தசை, மறுபக்கம் ஸ்பிரிங்.

ரெண்டு போடுறதுல ஒரு லாபம் உண்டு. கேஸ் சிலிண்டர் வாங்கக் கைய நீட்டும்போது எடை வர்றதுக்கு முன்னாடியே கைய விறைப்பா வச்சுக்குறோம்ல, அப்ப ரெண்டு தசையும் ஒரே நேரத்துல இறுகுது. ரோபோவுலயும் ரெண்டு பக்கமும் அழுத்தம் ஏத்துனா மூட்டு அசையாது ஆனா விறைக்கும், கொறச்சா தளரும். மோட்டார்ல இதக் கொண்டு வர சென்சாரும் ப்ரோக்ராமும் வேணும்.

கரண்ட் குடுத்தா சுருங்குற கம்பி ஆன்லைன்ல விக்கிறாங்க, அத வாங்கி ரோபோ கை பண்ணலாமா?

அது நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது, பேரோட வால்ல இருக்குற 'நால்' அதக் கண்டுபிடிச்ச அமெரிக்க கடற்படை ஆயுத ஆய்வகத்தோட சுருக்கம். வில்லியம் ப்யூலர்ங்கறவர் அங்க 1950களோட கடைசில இந்தக் கலவைய உருவாக்குனார், 1961ல ஒரு மீட்டிங்ல மடிச்சு வச்சிருந்த பட்டைய ஒருத்தர் லைட்டர்ல சூடு காட்ட, அது டக்குன்னு நீண்டு நின்னுச்சு. குளிர்ல வளைச்சாலும் சூட்டுல பழைய வடிவத்துக்குத் திரும்பும், அதான் வித்தை.

பண்ணலாம், ஆனா கணக்கு போட்டுட்டு வாங்குங்க. ரொம்ப நாள் உழைக்கணும்னா நீளத்துல 4 சதவீதம்தான் சுருங்க விடலாம். ஒரு ரோபோ விரல மடக்க அதோட இழுப்புக் கயித்த 2 செமீ இழுக்கணும்னு வைங்க, அதுக்கு 50 செமீ கம்பி வேணும், முழங்கை வரைக்கும் போய் திரும்பணும். அடுத்தது சூடு. தலைமுடி கனத்துக்குக் கொஞ்சம் மேல, 0.15 மிமீ கம்பி 300 கிராம் இழுக்கும், ஆற ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும். அர மில்லிமீட்டர் கம்பி மூணரை கிலோ இழுக்கும், ஆனா காத்துல ஆற பத்து செகண்டுக்கு மேல. டாட்டா காட்டச் சொன்னா கைய மேல தூக்கிட்டு அப்படியே யோசிச்சிட்டு நிக்கும்.

தூண்டில் நரம்ப முறுக்கி தசை பண்றாங்களாமே, கதை விடுறாங்களா?

நிஜம். 2014 பிப்ரவரில டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட டாலஸ் கேம்பஸ்ல ரே பாக்மன் குழு சயின்ஸ் இதழ்ல எழுதுனாங்க. கடைல விக்கிற நைலான் நரம்பு, தையல் நூல், அத ஸ்பிரிங் மாதிரி சுருளுற வரைக்கும் முறுக்கி சூடு பண்ணா அதே நீளம், அதே எடை மனுஷத் தசைய விட 100 மடங்கு எடை தூக்குது, 49 சதவீதம் வரைக்கும் சுருங்குதுன்னு. நம்ம ஊர்ல தங்கூஸ்னும் நரம்புன்னும் சொல்ற சாமான் தசையாகுதுங்கறது தமிழ்ல மட்டும் ரசிக்க முடியுற வேடிக்கை.

நைலான் நரம்பு சூட்டுல நீளவாக்குல லேசா சுருங்கி குறுக்குல உப்பும். முறுக்கி வச்ச நரம்புல இது நடந்தா முறுக்கு அவுறப் பாக்கும், ஸ்பிரிங்கா சுத்தியிருந்தா அந்த அவுறல் மொத்த ஸ்பிரிங்கையும் சுருக்கும். செஞ்சு பாக்கணும்னா ஒரு முனைய ட்ரில் மிஷின்ல மாட்டி, மறுமுனைல அர லிட்டர் தண்ணி பாட்டில் கட்டி, பாட்டில் சுத்தாம ஒரு குச்சி வச்சுத் தடுத்து, மெதுவா ஓட்டுங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், பாட்டில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மேல வரும், திடீர்னு ஒரு இடத்துல குட்டியா ஒரு சுருள் விழும், அப்புறம் அதுல இருந்து வரிசையா சுருள் ஓடி நரம்பு முழுக்கப் பரவும். அப்ப நிறுத்தணும், ஆசப்பட்டு இன்னும் ஓட்டுனா அறுந்துடும். கழட்டுன உடனே பூரா அவுந்துக்கும், அதனால சுமையோட வச்சே சூடு காட்டி செட் பண்ணிடணும். அதுக்கப்புறம் ஹேர் ட்ரையர் காட்டுனா பாட்டில் ஏறும், அணைச்சா இறங்கும். சுருளுக்கு சுருள் இடைவெளி இல்லன்னா ஏறாது, அப்ப பாட்டில்ல இன்னும் தண்ணி ஊத்துங்க.

இவ்ளோ மலிவு, இவ்ளோ பலம், அப்புறம் ஏன் எல்லா ரோபோவுலயும் இது இல்ல?

குடுக்குற சக்தில சுமார் 1 சதவீதம்தான் வேலையா மாறுது. 100 ரூபாய்க்கு கரண்ட் போட்டா ஒரு ரூபாய்க்கு வேல, மிச்சம் 99 சூடா போயிடும். நம்ம உடம்புத் தசை 20 சதவீதத்துக்கு மேல பண்ணுது. நிட்டினாலும் இந்த விஷயத்துல ஏழைதான், ஆற நேரமும் அதே தகராறு.

"தன் எடைய விட 1000 மடங்கு தூக்குது"ன்னு போடுறாங்களே, அது பொய்யா?

பொய் இல்ல, ஆனா எத எடை போட்டாங்கன்னு பாக்கணும். 2017ல ஹார்வர்டும் எம்ஐடியும் சேந்து ஓரிகாமி (காகித மடிப்புக் கலை) மாதிரி மடிச்ச சட்டத்த ஒரு பைக்குள்ள வச்சு காத்த உறிஞ்சினா சுருங்குற தசை ஒண்ணு காட்டுனாங்க, 2.6 கிராம் தசை 3 கிலோவத் தூக்குச்சு. அழகான வேல. ஆனா அந்த 2.6 கிராம்ல காத்த உறிஞ்சுற பம்ப் கிடையாது. இது அவங்க தப்பு இல்ல, பேப்பர்ல தசையப் பத்திதான் எழுதியிருக்காங்க, ஷேர் பண்றவங்கதான் ரோபோவே அப்படின்னு எழுதுறாங்க. பம்ப்செட் ஊர்க்காரன்கிறதால எந்த வீடியோ பாத்தாலும் எனக்கு முதல்ல தோணுறது பம்ப் எங்கய்யாங்கறதுதான். வயரோ ட்யூபோ ஃப்ரேமுக்கு வெளிய போச்சுன்னா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேளுங்க.

இன்னொரு சூட்சுமம், சின்னதா இருந்தாலே இந்தக் கணக்கு நல்லா வரும். ஒரு தசைய எல்லாப் பக்கமும் பாதியாக்குனா குறுக்குவெட்டு கால்வாசி ஆகும், எடை எட்டுல ஒண்ணாகும். பலம் குறுக்குவெட்ட வச்சு, அப்ப எடைக்கு பலம் ரெண்டு மடங்கு. எறும்பு அதோட உடம்ப விட பெரிய சக்கரையத் தூக்குறதுல இதுக்கும் பங்கு உண்டு. எறும்ப யானை சைஸுக்கு ஆக்குனா தன் காலையே தூக்க முடியாது.

மனுஷனோட மோத விட்டுருக்காங்களா?

விட்டாங்க. நாசாவோட ஜேபிஎல் ஆய்வகத்துல இருந்த யோசப் பார்-கோஹன், கரண்டுக்கு வடிவம் மாறுற பிளாஸ்டிக் வச்சு செஞ்ச கை மனுஷன கை மல்யுத்தத்துல ஜெயிக்கணும்னு 1999ல சவால் விட்டார். 2005 மார்ச்ல சான் டியாகோவுல போட்டி நடந்துச்சு, எதிர்ல உக்காந்தது 17 வயசு ஸ்கூல் பொண்ணு. மூணு ரோபோ கை வந்துச்சு, மூணுமே அவுட். அதிகமா தாக்குப் பிடிச்சது 26 செகண்ட், மத்தது ரெண்டும் 4 செகண்ட், 3 செகண்ட்.

அந்த மாதிரி பிளாஸ்டிக் தசைல ஆயிரக்கணக்குல வோல்ட் போகுதாமே, ஷாக் அடிக்காதா?

அந்த பிளாஸ்டிக் வகையில ஒண்ணு, ரப்பர் படலத்துக்கு ரெண்டு பக்கமும் கரண்ட் கடத்துற பூச்சு. வோல்டேஜ் குடுத்தா ரெண்டு பூச்சும் ஒண்ண ஒண்ணு இழுத்து ரப்பர நசுக்கும், அது பக்கவாட்டுல விரியும். கில்லிமாதிரி வேகம், ஆனா கிலோவோல்ட் கணக்குல வேணும், ஒரு தடவ பொறி தாண்டி ஓட்ட விழுந்தா ஆட்டம் க்ளோஸ்.

2018ல கொலராடோ பல்கலைக்கழகத்துல கிறிஸ்டோஃப் கெப்ளிங்கர் குழு ரப்பருக்கு பதிலா எண்ண நிரப்புன பை வச்சாங்க, ஹேசல்னு பேர். ரெண்டு பூச்சும் ஜிப் மூடுற மாதிரி ஒட்டிக்கிட்டு வரும்போது எண்ண மறுபக்கம் பிதுங்கி பை உப்பும், நீளம் கொறையும். நடுவுல பொறி அடிச்சாலும் எண்ண ஓடி வந்து ஓட்டைய மூடிக்கும். ஷாக் விஷயம்: வோல்டேஜ் பெருசு, ஓடுற கரண்ட் ரொம்பக் கம்மி, அதுக்காக அலட்சியம் வேண்டாம், சப்ளைல கரண்ட் லிமிட் இல்லாத ஹை வோல்டேஜ்ல பசங்க கை வைக்கவே கூடாது. எங்க ஓப்பன் டே டேபிள்ல இது மட்டும் கிடையாது.

எடையத் தூக்கி அப்படியே பிடிச்சிட்டு நின்னா பேட்டரி தீருமா?

நல்ல கேள்வி, ஒரு பாலிடெக்னிக் பையன் கேட்டான். எந்தத் தசைங்கறதப் பொறுத்தது. நிட்டினாலும் தங்கூஸும் சூடா இருக்கும் வரைக்கும்தான் பிடிக்கும், சும்மா நிக்கவே கரண்ட் குடுத்துட்டே இருக்கணும். காத்து தசைல வால்வ மூடிட்டா போதும், லீக் இல்லாத வரைக்கும் செலவே இல்ல. ஹேசல் கெபாசிட்டர் (சார்ஜ சேத்து வைக்குற பாகம்) மாதிரி, ஒரு தடவ சார்ஜ் ஆனா பிடிச்சுட்டே நிக்கும். மோட்டார்தான் இதுல மாட்டிக்கும், நின்ன இடத்துல நிக்க கரண்ட் இழுத்து சூடாகும்.

2024ல ஜூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகமும் ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேந்து ஹேசல் வகை தசைல ஒரு ரோபோ கால் பண்ணி குதிக்க விட்டாங்க. முட்டிய மடக்கி நிக்க வச்சு ஹீட் கேமராவுல பாத்தப்ப மோட்டார் கால் சூடேறிட்டே போச்சு, தசைக் கால் அப்படியே இருந்துச்சு. ஆனா அந்தக் கால் ஒரு கம்பில மாட்டி வட்டமாத்தான் சுத்துச்சு, தனியா தெருவுல நடக்கல.

தொங்கிட்டே கை கால உதறுச்சே ஒரு பேய் ரோபோ, அது நிஜமா கிராஃபிக்ஸா?

நிஜம். 2025 பிப்ரவரில போலந்து கம்பெனி க்ளோன் ரோபோட்டிக்ஸ் விட்ட ப்ரோட்டோக்ளோன் வீடியோ. எலும்புக்கூடு மேல 1000க்கு மேல மெக்கிபென் வகை தசைகள், மேல இருந்து தொங்கவிட்டிருந்தாங்க. எங்க அம்மா அதப் பாத்துட்டு "இத வீட்டுக்குக் கொண்டு வந்துடாத சாமி"ன்னாங்க. தொங்குனதுக்குக் காரணம் பயமுறுத்த இல்ல, அப்ப அதுக்கு நிக்கத் தெரியாது. அத்தன தசையையும் சேத்து பேலன்ஸ் பண்றது ஏன் கஷ்டம்னு பாக்க அடுத்த கேள்விக்கு வாங்க.

அழுத்தம் இவ்ளோ வச்சா நீளம் இவ்ளோன்னு டேபிள் போட்டுட்டா முடிஞ்சதே, கண்ட்ரோல்ல என்ன கஷ்டம்?

நானும் அப்படித்தான் நினைச்சு டேபிள் போட்டேன். ஏத்தும்போது மூணு பார்ல ஒரு நீளம், அஞ்சு பார் போயிட்டு இறங்கி வந்தா அதே மூணு பார்ல வேற நீளம். வலை நூல் ஒண்ணோட ஒண்ணும் ரப்பரோடயும் உரசுறதால தசை எந்த வழியா வந்ததுன்னு ஞாபகம் வச்சுக்குது. காலைல ரப்பர் குளுந்து இருந்தா ஒரு நம்பர், நூறு தடவ ஓட்டி சூடானா இன்னொரு நம்பர். கூடவே காத்து அமுங்குற சாமான், வால்வ தொறந்த உடனே முழு அழுத்தம் வராது.

அதனால அழுத்தத்த நம்பாம மூட்டுல ஒரு ஆங்கிள் சென்சார் வச்சு, கோணத்தப் பாத்துப் பாத்து திருத்தணும். மேல சொன்ன எதிர் எதிர் ஜோடியையும் சேத்து பாருங்க, ஒரு மூட்டுக்கு ரெண்டு தசை, ரெண்டுக்கும் இந்த ஞாபகக் கோளாறு. ஆயிரம் தசைன்னா தலை சுத்தும்.

இப்ப நிஜமா எங்கயாவது வேல செய்யுதா, இல்ல எல்லாம் டெமோதானா?

செய்யுது, ஆனா ரோபோ மனுஷன் ரூபத்துல இல்ல. ஃபெஸ்டோ காத்து தசைங்க தொழிற்சாலைல பிடிக்கிறது, இறுக்குறது மாதிரி வேலைக்கு இருக்கு. சில போன் கேமராவுல கை நடுக்கத்துக்கு ஏத்த மாதிரி லென்ஸ நகத்துறது முடி மாதிரி நிட்டினால் கம்பிதான், அவ்ளோ மெல்லிசுங்கறதால ஆற நேரமும் பிரச்சனை இல்ல. 1997ல செவ்வாய்ல இறங்குன சோஜர்னர் வண்டிலயும் தூசி சோதனைக்கு வச்ச ஒரு குட்டி மூடிய இதே வகை கம்பிதான் அசைச்சுது.

எனக்குப் பிடிச்சது ஜப்பானோட மசில் சூட். டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோபயாஷி ஹிரோஷி ஆய்வுல இருந்து வந்தது, முதுகுல மாட்டிக்கிட்டு குனிஞ்சு நிமிந்து எடை தூக்குறவங்களுக்கு. 2019ல வந்த மாடல்ல பேட்டரியும் இல்ல, கம்ப்ரசரும் இல்ல. கைப் பம்ப்ல முப்பது தடவ போல அடிச்சு மூடிடுறது. குனியும்போது தசை நீண்டு சக்திய வாங்கி வச்சுக்கும், நிமிரும்போது இழுத்துக் குடுக்கும். பம்ப் எங்கன்னு கேக்குற என் வாயவே அடைச்ச பதில் இது ஒண்ணுதான்.

உயிருள்ள தசையிலயே ரோபோ பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன்?

ஆமா. ஹார்வர்ட்ல 2022ல மனுஷ ஸ்டெம் செல்லுல இருந்து வளத்த இதயத் தசைய ஒரு குட்டி மீன் பொம்மைல ரெண்டு பக்கமும் ஒட்டுனாங்க, ஒரு பக்கம் சுருங்குனா மறுபக்கம் நீண்டு அதுவே அடுத்த துடிப்பத் தூண்டும், 100 நாளுக்கு மேல நீந்துச்சு. 2025ல டோக்கியோவுல மெல்லிசா வளத்த மனுஷத் தசை இழைங்கள சூஷி மாதிரி சுருட்டிக் கட்டி 18 செமீ கை பண்ணாங்க, கத்தரிக்கோல் சைகை காட்டுச்சு. அந்தத் தசைக்கு களைப்பும் வந்துச்சு, ஓய்வு குடுத்தா தெளிஞ்சுச்சு. ஆனா இது சத்து திரவத்துலயே இருக்கணும், காத்துல வச்சா செத்துடும். பம்புக்கு பதிலா இங்க ஒரு முழு தொட்டி.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எது எடுக்கலாம்?

காத்து தசை எடுங்க. ஒரு முழங்கை, ரெண்டு தசை, ஒரு ஆங்கிள் சென்சார், நாலு சோலனாய்டு வால்வு (கரண்ட்ல தொறந்து மூடுறது), அது போதும். அஞ்சு விரல் கைன்னு எழுதிக் குடுத்துட்டு ரிவ்யூவுக்கு மொத நாள் ராத்திரி எங்க லேப் கதவத் தட்டாதீங்க. நிட்டினால்தான் வேணும்னா பூ விரியுற மாதிரி மெதுவான அசைவு ஏதாவது யோசிங்க, வேகம் கேக்குறது வேண்டாம்.

கம்ப்ரசர் எங்ககிட்ட இருக்கு, தர்றோம். ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சோப்புத் தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாத்துட்டு வாங்க, முக்கால்வாசி பேர் "கண்ட்ரோலர் சரியில்ல சார்"னு கொண்டு வர்றது கடைசில ஹோஸ் கிளிப் லீக்காத்தான் இருக்கு.